யூடியூபர் வெளியிட்ட டோக்கனில் சீட்டுப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. என் தம்பிக்கு 24 வயது, கோவையில் வேலை. அவன் தினமும் பார்க்கும் கேமிங் யூடியூபர் ஒருவர் தன் பெயரில் கிரிப்டோ டோக்கன் வெளியிட்டிருக்கிறார். தம்பி அதில் 60,000 ரூபாய் போட்டான். சில வாரங்களிலேயே, டோக்கனை வைத்திருக்கும் அவன் வாலட் ஆப்பில் 2,10,000 ரூபாய் காட்டுகிறது. இப்போது டோக்கனை 90 நாள் விற்க முடியாதபடி ‘லாக்’ செய்தால் 40 சதவீதம் கூடுதல் டோக்கன் தருகிறார்களாம். அதற்காக, நான் சீட்டு எடுத்து வைத்திருக்கும் 3 லட்சத்தைக் கேட்கிறான். தை பிறந்ததும் வீட்டுக்கு மேல்தளம் போட வைத்திருக்கும் பணம் அது. “அந்த அண்ணன் ஊரறிஞ்ச ஆளு அக்கா, ஏமாத்திட்டு எங்க போவாரு?” என்கிறான். அவனுடைய லிங்க் வழியாக நான் சேர்ந்தால் அவனுக்கு 5 சதவீதம் கிடைக்குமாம். அதையும் அவனேதான் சொன்னான். போடலாமா? அவன் ஏற்கெனவே போட்டதை என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்த 3 லட்சத்தைக் கொடுக்க வேண்டாம். “சரி, ஒரு லட்சமாவது போடு” என்று தம்பி இறங்கி வந்தாலும் வேண்டாம். அவர் கையில் உள்ள டோக்கனில் ஒரு பகுதியை இந்த வாரமே விற்கச் சொல்லுங்கள். எவ்வளவு விற்பது, அதற்கு எவ்வளவு வரி என்பதைக் கணக்கோடு பின்னால் சொல்கிறேன். லிங்க் கமிஷனை மறைக்காமல் சொன்ன பிள்ளை அவர். அதனால் இந்தப் பதிலை இருவரும் சேர்ந்தே படிக்கலாம்.

தம்பியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஊரறிந்த ஆள் ஏமாற்றிவிட்டு எங்கே போவார்? அவர் எங்கும் போக வேண்டியதில்லை. ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. முழு யோக்கியராக, தன் டோக்கன் வளரும் என்று மனதார நம்புகிறவராக இருந்தாலும் வாங்கியவர்களின் பணம் போகலாம். அதற்கு ஏற்றபடிதான் இந்த டோக்கன்களின் அமைப்பே இருக்கிறது.

அமெரிக்காவில் ஹேலி வெல்ச் என்று ஓர் இளம்பெண். 2024இல் தெருவில் மைக்கை நீட்டியவரிடம் அவர் சொன்ன கொச்சையான பதில் ஒன்று வைரலாகி, சில மாதங்களில் பாட்காஸ்ட், டி-ஷர்ட் வியாபாரம் என்று பெரிய ஆளாகிவிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 4 அன்று அவர் முகத்தோடு ‘ஹாக்’ என்ற டோக்கன் சொலானா என்ற பிளாக்செயினில், அதாவது கிரிப்டோ கொடுக்கல் வாங்கலைப் பதியும் பொது இணையப் பேரேட்டில், வெளியானது. சற்று நேரத்தில் அதன் சந்தை மதிப்பு 49 கோடி டாலரைத் தொட்டது. அடுத்த சில மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. வெளியான உடனேயே ஒரு வாலட் சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்து மொத்த டோக்கனில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அள்ளியது. இரண்டு மணி நேரத்துக்குள் விற்று ஏறக்குறைய 13 லட்சம் டாலர் லாபத்தோடு வெளியேறியது. இப்படி முதல் நொடிக்குக் காத்திருந்து பாய்கிறவர்களை அந்த வட்டாரத்தில் ‘ஸ்னைப்பர்’ என்பார்கள். ரசிகர் அறிவிப்பைப் படித்து, ஆப்பைத் திறந்து, பாஸ்வேர்டு போடுவதற்குள் ஸ்னைப்பரின் கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கி முடித்திருக்கும்.

இரண்டு வாரத்தில் நியூயார்க்கில் வழக்கு வந்தது. டோக்கனை உருவாக்கி விற்ற தரப்பினரே பிரதிவாதிகள். வெல்ச்சின் பெயர் அதில் இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்இசி ஆணையமும் விசாரித்துவிட்டு, 2025 மார்ச்சில் அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் வைக்காமல் முடித்துக்கொண்டது. கிரிப்டோவைப் பற்றித் தனக்குப் போதிய அறிவு இருக்கவில்லை என்று பிறகு அவரே தன் பாட்காஸ்ட்டில் சொன்னார். நான் அதை நம்புகிறேன். ஆனால் அவர் நல்லவரா கெட்டவரா என்பது வாங்கியவர்களின் லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, கூட்டிக் கழிக்க எளிதாக ஒரு கற்பனை டோக்கனை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 கோடி டோக்கன். வெளியிட்டவர்கள் அதில் 10 கோடியை 10 லட்சம் ரூபாயோடு சேர்த்து ஒரு ‘லிக்விடிட்டி பூல்’ அமைக்கிறார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் இந்தப் பூலோடுதான் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் ரூபாயை உள்ளே இருக்கும் டோக்கனால் வகுத்தால் வருவது விலை: டோக்கன் ஒன்று 1 பைசா. இந்த விலையை 100 கோடியால் பெருக்கி “சந்தை மதிப்பு 1 கோடி” என்று போஸ்டர் போடுவார்கள். பூலில் இருக்கும் பணமோ 10 லட்சம்தான். மீதி 90 கோடி டோக்கன் வெளியிட்டவர்கள் கையில்.

அவர்களில் ஒருவர் 10 கோடி டோக்கனைப் பூலில் விற்கிறார் என்று வையுங்கள். இந்த வகைப் பூல்களில் பெரும்பாலானவை, டோக்கன் எண்ணிக்கையையும் பண அளவையும் பெருக்கினால் வரும் தொகை மாறாதபடி இயங்குகின்றன. டோக்கன் 10 கோடியிலிருந்து 20 கோடியாக இரட்டித்தால் பணம் பாதியாக வேண்டும். அதாவது 5 லட்சத்தை அவர் எடுத்துக்கொண்டு போகிறார். 5 லட்சத்தை 20 கோடியால் வகுத்தால் விலை கால் பைசா. பத்தில் ஒரு பங்கு டோக்கன் விற்றதற்கே விலையில் முக்கால் பங்கு போய்விட்டது. அந்த 90 கோடியும் பூலுக்கு வந்தால் மிஞ்சுவது 1 லட்சம் ரூபாய், விலை நூறில் ஒரு பங்கு. இதில் யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. பூல் அதன் வேலையைத்தான் செய்தது.

தம்பியின் வாலட்டில் தெரியும் 2,10,000 இப்படி வந்த எண்தான். பூலின் இப்போதைய விலையை அவர் கையிலுள்ள டோக்கனால் பெருக்கி ஆப் காட்டுகிறது. அந்தப் பணம் எங்கோ அவர் பெயரில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அவரைப் போன்ற ஆயிரம் பேர் ஒரே மாலையில் விற்க வந்தால், முதலில் வந்த சிலருக்கே பூலில் பணம் இருக்கும்.

கடைக்கு வியாபாரம் இருக்கிறது, வீட்டுக்கு வாடகை வருகிறது. இந்த டோக்கனுக்கு எதுவும் வருவதில்லை. ஆகவே முன்னால் வாங்கியவரின் லாபம் பின்னால் வருகிறவரின் பணத்திலிருந்து மட்டுமே வர முடியும். பின்னால் ஆள் கொண்டுவருவதுதான் இதில் யூடியூபரின் வேலை. அவரிடம் இருக்கும் சொத்து ரசிகர்களின் நம்பிக்கை, அதைத்தான் பூலுக்குள் கொண்டுவருகிறார். உங்கள் தம்பிக்குக் கிடைக்கும் 5 சதவீதமும் அதே வேலைக்கான சின்னக் கூலி. அவருக்கு ரசிகர்கள் இல்லை, அதனால் அக்காவிடம் வந்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த 90 நாள் லாக்தான். கூடுதலாகத் தரும் 40 சதவீத டோக்கன் எங்கிருந்து வருகிறது? ஒன்று, வெளியிட்டவர்கள் கையிருப்பிலிருந்து. இல்லையென்றால் புதிதாக உருவாக்குகிறார்கள். இரண்டிலும் பூலுக்குள் ஒரு ரூபாய்கூடப் புதிதாக வருவதில்லை. அதே பணத்துக்குப் போட்டி போடும் டோக்கன்தான் பெருகுகிறது. 90 நாள் உங்களால் விற்க முடியாது என்பது மட்டும் உறுதி. அந்த 90 நாளும் வெளியிட்ட குழுவின் டோக்கனும் பூட்டப்படுகிறதா? எந்தக் கான்ட்ராக்ட் முகவரியில், அதாவது பூட்டி வைக்கும் புரோகிராம் பிளாக்செயினில் எங்கே இருக்கிறது? அந்த யூடியூபரின் அடுத்த லைவில் தம்பி இந்த ஒரு கேள்வியைக் கமெண்டில் போடட்டும். பதில் வருகிறதா, கமெண்ட் நீக்கப்படுகிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் பெயரில் வந்த டோக்கனில்கூட 80 சதவீதம் அவர் தரப்பு நிறுவனங்களுக்கு என்றும், அது மூன்று ஆண்டுகளில் படிப்படியாக வெளிவரும் என்றும் எழுதியாவது வைத்தார்கள்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது, அதுவும் கேமிங் உலகத்திலேயே. தம்பிக்கு ஃபேஸ் கிளான் என்ற கேமிங் குழுவின் பெயர் தெரிந்திருக்கும். 2021 ஜூனில் அந்தக் குழுவைச் சேர்ந்த சிலர் ‘சேவ் த கிட்ஸ்’ என்ற டோக்கனை ரசிகர்களிடம் கொண்டுபோனார்கள். ஒரு பகுதி குழந்தைகள் நலனுக்குப் போகும் என்றார்கள். பெரிய கைகள் ஒரேயடியாக விற்று விலையைச் சாய்க்க முடியாதபடி டோக்கனின் புரோகிராம் கோடிலேயே தடை இருக்கிறது என்றும் சொல்லப்பட்டது. ஒருமுறை விற்றவர் மறுமுறை பெரிய அளவில் விற்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வெளியீட்டுக்குச் சற்று முன்னால் அந்த 24 மணி நேரம் ஒரு நிமிடமாக மாற்றப்பட்டிருந்ததை காபிசில்லா என்ற யூடியூப் புலனாய்வாளர் அம்பலப்படுத்தினார். விலை விழுந்தது. அதற்கடுத்த மாதம் குழு ஒருவரை நீக்கியது, மூவரை இடைநீக்கம் செய்தது. புரோகிராம் கோடைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு “கோடில் இருக்கிறது” என்ற வாக்குறுதிக்கு மதிப்பே இல்லை. அந்த வகையில் நானும் படிக்கத் தெரியாதவன்தான்.

அதே ஆண்டு நவம்பர் 1 அன்று சரிந்த ‘ஸ்க்விட்’ டோக்கன் இன்னும் மோசம். பிரபலமான கொரியத் தொடரின் பெயரை ஒட்டிக்கொண்டு வந்தது, தொடருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. விலை 2,800 டாலருக்கு மேல் ஏறியது. வாங்கலாம், விற்க முடியாது என்பது வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. உருவாக்கியவர்கள் 30 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு மறைந்தார்கள். ஏறிக்கொண்டே போகும் விலைக்குப் பின்னால் சில சமயம் இருப்பது இவ்வளவுதான்: யாராலும் விற்க முடியாததால் விலை இறங்கவில்லை.

‘பெரிய மனுஷன்’ என்ற வாதத்தை முழுசாக முடித்துவைத்தவர் அர்ஜென்டினா அதிபர் ஹாவியர் மிலே. 2025 பிப்ரவரி 14 அன்று ‘லிப்ரா’ என்ற டோக்கனைத் தன் எக்ஸ் பக்கத்தில் பகிர்ந்தார். நாட்டின் சிறு தொழில்களுக்கு முதலீடு என்ற விளக்கத்தோடு. அவர் பொருளாதாரம் படித்தவர், அதிலும் ஒரு நாட்டின் அதிபர், இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும் என்று மக்கள் வாங்கினார்கள். மதிப்பு 400 கோடி டாலரைத் தாண்டியது, சில மணி நேரத்தில் தரைமட்டமானது. அதிபர் பதிவை நீக்கிவிட்டு, திட்டத்தின் விவரங்கள் தனக்குத் தெரியாது என்றார். வாலட் கணக்குகளை ஆராயும் நான்சென் நிறுவனம், வியாபாரம் செய்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 25 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டது. மீதிப் பேர் கோடிக்கணக்கில் சம்பாதித்தார்கள். இவர்கள் லாபம் அவர்கள் நஷ்டத்திலிருந்து வந்ததுதான்.

காசு வாங்கிக்கொண்டு பேசும் பிரபலங்கள் தனி ரகம். 2021இல் எத்தீரியம்மேக்ஸ் என்ற டோக்கனைப் பற்றி இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட கிம் கர்தாஷியன் வாங்கியது 2,50,000 டாலர். விளம்பரம் என்ற ஹேஷ்டேக் போட்டிருந்தார், ஆனால் தொகையைச் சொல்லவில்லை. அது சட்டமீறல் என்று எஸ்இசி பிடித்தது. 2022 அக்டோபரில் 12.6 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார். நம் நாட்டில் விளம்பரத் தர கவுன்சிலான ஏஎஸ்சிஐ 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விளம்பரங்களில் ஓர் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்கிறது. இவை ஒழுங்குமுறைக்குள் வராதவை, அபாயம் மிகுந்தவை, நஷ்டம் வந்தால் முறையிட இடம் இல்லாமல் போகலாம் என்பது அதன் சாரம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவருக்கு 10 லட்சம் வரை அபராதம் போட வழி இருக்கிறது. தம்பி பார்த்த வீடியோவில் அந்த எச்சரிக்கை வந்ததா என்று கேளுங்கள். வராமல் இருந்தால் அதுவே உங்களுக்குப் பாதி பதில். இங்கே யூடியூபரே வெளியிட்டவர் என்பதால் “எவ்வளவு வாங்கினீர்கள்?” என்று கேட்பதைவிட, “உங்கள் கையில் எத்தனை டோக்கன், இதுவரை எத்தனை விற்றீர்கள்?” என்று கேட்பது பொருத்தம். சொல்ஸ்கேன் போன்ற தளங்களில் பெரிய வாலட்டுகளின் பட்டியலைப் பார்க்கலாம். ஒரே ஆள் ஐம்பது வாலட் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பட்டியலும் பாதி உண்மைதான்.

ஈரோட்டுக்காரருக்குப் பெருந்துறை ஈமு கோழி முதலீட்டுத் திட்டத்தை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2012இல் அது சரிந்தபோது குறைந்தபட்சம் ஒரு நிறுவனம் இருந்தது, உரிமையாளர் பெயர் இருந்தது, நிலமும் கொட்டகையும் கோழியும் இருந்தன. 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கவும், சொத்தை முடக்கவும் வழி இருந்தது. இந்த டோக்கனில் தம்பி யாரிடம் பணம் கொடுத்தார் என்று புகாரில் எழுதுவார்? பூலிடமா? அவர் கையில் ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதிகூட இல்லை. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என்று ஏற்று ஒரு தீர்ப்பு சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது, கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் ஓர் எக்ஸ்சேஞ்சிடம் ஒப்படைத்த நாணயத்தைப் பற்றிய வழக்கு. விலை விழுந்த டோக்கனை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை, அது வாலட்டில் அப்படியே இருக்கும். மதிப்பு மட்டும் இருக்காது.

பிட்கனெக்ட் விவகாரத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், அதன் நிறுவனர் என்று அமெரிக்கா குற்றம்சாட்டியவர் சூரத்காரர் என்பதால் நமக்கும் அது தூரத்துக் கதை இல்லை. தினமும் லாபம் என்று உலகமெங்கும் யூடியூபர்கள் கூவிக் கூவி ஆள் சேர்த்த திட்டம் அது. 2018 ஜனவரியில் கவிழ்ந்தது. மொத்தம் சுமார் 240 கோடி டாலர் மோசடி என்றது அமெரிக்க அரசு. 2023இல் சான் டியாகோ நீதிமன்றம் திருப்பித் தரச் சொன்னது 1.7 கோடி டாலர், அதுவும் 40க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த சுமார் 800 பேருக்கு. ஐந்து ஆண்டு கழித்து, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இன்னொன்றையும் தம்பி கவனிக்கட்டும்: எஸ்இசி அதில் ஆள் சேர்த்து கமிஷன் வாங்கிய யூடியூபர்கள் மீதும் வழக்குப் போட்டது. லிங்க் அனுப்பிச் சொந்தக்காரர்களைச் சேர்க்கிறவர் பெயர், நாளை ஏதாவது புகார் வந்தால் அந்தப் புகாரில் இருக்கும்.

இப்போது அவர் போட்ட 60,000. ஒரு ஆடிட்டராக எனக்கு உபயோகமாகச் சொல்லத் தெரிந்த இடம் இது.

2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, செஸ் சேர்த்தால் 31.2. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் எடுத்துப்போக முடியாது. பங்குச் சந்தையில் இருக்கும் சலுகைகளை நினைத்துக்கொண்டு பல இளைஞர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதுதான் இதை முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

தம்பி “போட்டதை மட்டும் எடுத்துவிடுகிறேன்” என்று 60,000 ரூபாய் மதிப்புக்கு விற்கிறார் என்று வையுங்கள். எல்லாம் ஒரே தவணையில் வாங்கியதாக எடுத்துக்கொள்கிறேன். 2,10,000இல் 60,000 என்பது ஏழில் இரண்டு பங்கு. அந்தப் பங்குக்கு அவர் கொடுத்த விலை 17,143 ரூபாய்தான். ஆகவே 42,857 ரூபாய் லாபம், வரி சுமார் 13,370. பிறகு மீதி டோக்கன் பூஜ்யமாகிவிட்டது என்றால், அதன் அடக்க விலை 42,857 ரூபாய் நஷ்டம். லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரி. மொத்தத்தில் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை, ஆனாலும் 13,370 ரூபாய் வரி கட்ட வேண்டும். எனவே கையில் 60,000 நிற்க வேண்டுமானால் 77,000 ரூபாய்க்குச் சற்று மேல் விற்க வேண்டும். விற்கும்போது பூல் விலை இறங்குவதும் கட்டணமும் இருக்கின்றன, 80,000 என்று வைத்துக்கொள்ளட்டும். வரிப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்கட்டும்.

மீதியையும் விற்கலாமா? என்னைக் கேட்டால், ஆமாம். ஆனால் அது அவர் பணம், 24 வயது, அவரே முடிவு செய்யட்டும். அவர் விற்பதை வாங்கப்போகிறவரும் வேறொரு அக்காவின் தம்பிதான் என்பது எனக்கும் உறுத்துகிறது. இந்த ஆட்டத்திலிருந்து வெளியே வர வேறு கதவு வைக்கவில்லை.

விற்பதில் இன்னொரு பலனும் உண்டு. 2,10,000 நிஜமா என்பதற்கு அதுதான் ஒரே பரிசோதனை. டிரான்சாக்ஷன் தோல்வியடைந்தாலோ, “வித்ட்ரா செய்ய முதலில் டெபாசிட் கட்டுங்கள்”, “வரியை முன்கூட்டியே இந்த வாலட்டுக்கு அனுப்புங்கள்” என்று டெலிகிராமில் யாராவது சொன்னாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வருமான வரியை யாரும் டெலிகிராமில் வசூலிப்பதில்லை.

டோக்கனை விற்று சொலானா, யுஎஸ்டிடி போன்ற வேறு கிரிப்டோவாக மாற்றுவதே சட்டப்படி ஒரு விற்பனை. அதை எக்ஸ்சேஞ்சில் ரூபாயாக்குவது இன்னொரு விற்பனை, அதில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். அது ரிட்டர்னில் கழிந்துவிடும். ரூபாயாக்கும்போது நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்ற இந்திய எக்ஸ்சேஞ்ச் வழியாக, சொந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரவு வைக்கட்டும். ஒரு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று டெலிகிராமில் நேரடியாக வாங்க வரும் பி2பி ஆளிடம் விற்க வேண்டாம். அவர் அனுப்பும் பணம் வேறொரு சைபர் மோசடியில் திருடிய பணமாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் நோட்டீஸ் அனுப்ப, தம்பியின் சம்பளக் கணக்கு முடங்கும். அதை விடுவிக்க அலைவது தனி வனவாசம். வாங்கிய தேதி, விலை, வாலட் முகவரி, டிரான்சாக்ஷன் எண்கள், யூடியூபரின் வீடியோ லிங்க், லாக் திட்ட அறிவிப்பு எல்லாவற்றையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விலை விழுந்த அன்றே பல பதிவுகள் காணாமல் போய்விடும்.

விற்க முடியாமல் போனால், அல்லது மோசடி என்று தெரிந்தால், 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு “போன கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்” என்று வருகிறவர்களுக்கு ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. ஏமாந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற இரண்டாவது கூட்டம் அது.

தம்பியிடம் சொல்லும்போது யூடியூபரைத் திட்ட வேண்டாம். அவருக்கு அது அண்ணனைத் திட்டுவது போல, பேச்சு அங்கேயே நின்றுவிடும். 77,000 கணக்கைக் காட்டுங்கள், லாக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். “இப்போது உனக்கு லாபம், சந்தோஷம், அதில் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டு, பிறகு என் பணத்தைப் பேசலாம்” என்று சொன்னால் மறுக்க அவருக்கு வழியில்லை. கொண்டுவந்து காட்டினாலும் உங்கள் பதில் மாற வேண்டியதில்லை.

சீட்டுப் பணம் தை மாதம் வரை சும்மா கிடக்க வேண்டாம். உங்கள் வங்கியிலேயே, கம்பிக்கும் சிமென்டுக்கும் பணம் தேவைப்படும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு முதிரும்படி டெபாசிட் போடுங்கள். இரண்டு மூன்று ரசீதாகப் பிரித்துப் போட்டால் நடுவில் கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்க ஒன்றை மட்டும் உடைக்கலாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. உங்கள் 3 லட்சம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.